வீட்டுத்தோட்டம்: சொட்டை விழுந்த புற்றரை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிக்கோயாவில், முன்பு தேயிலை நின்ற சரிவான காணியொன்றை இயந்திரத்தால் வெட்டிச் சமப்படுத்தி, மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் வீடு கட்டினோம். முன்புறத்தில் இருபது அடி நீளமும் பதினைந்து அடி அகலமுமான இடத்தில் புற்கட்டிகள் வாங்கிப் பதித்தோம். ஆறு மாதம் பச்சைப்பசேலென்று இருந்த தரை இப்போது சொட்டை விழுந்து கிடக்கிறது. மேல் வேலியோரம் நிற்கும் டர்பன்டைன் மரங்களின் பக்கம் பாசி, நடுவில் வெறுந்தரை, மற்ற இடங்களில் புளியாரை, வல்லாரை, பெயர் தெரியாத களைகள். இருமுறை யூரியா போட்டோம், களைகள்தான் கொழுத்தன. களைநாசினி அடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் புல் பதிக்கலாம் என்கிறார் என் கணவர். அப்படிச் செய்யலாமா, ஐயா?
– ஓர் ஆசிரியை, டிக்கோயா

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இதே கடிதத்தை மறுபடியும் எழுத நேரும். ஓய்வு பெற்றபின் கட்டிய வீட்டின் முன்னால் பதித்த புல்லை ஒரே ஆண்டில் இழந்து, மறுபடி காசு கொடுத்து வாங்கிப் பதித்து, அதையும் இழந்தவன் நான். இரண்டாம் முறையும் கைவிட்டுப் போன பிறகுதான் மண்வெட்டியை எடுத்து ஒரு சதுரம் தோண்டிப் பார்க்கத் தோன்றியது.

மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குப் புற்கட்டியோடு வந்த கரிய மண் இருந்தது. அதற்குக் கீழே, கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மஞ்சளும் சிவப்புமான கெட்டிக் களி. புல்லின் வேர்கள் அந்தக் கோடு வரை இறங்கி, அதற்குமேல் வழியில்லாமல் பக்கவாட்டில் பாய்போலப் பின்னிக் கிடந்தன. களிக்குள் சீமெந்துக் கட்டிகளும், கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணியொன்றும் அகப்பட்டன. சரிவை வெட்டும் இயந்திரம் நல்ல மேல்மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டு, அடிமண்ணை நம் வாசலில் விட்டுப் போகிறது. பிறகு மணலும் கல்லும் ஏற்றிய வாகனங்கள் அதன்மீது ஏறி இறங்கி அதை இறுக்கிவிடுகின்றன. புற்கட்டியோடு வந்த மண்ணில் இருந்த சத்தைக் கொண்டு முதல் ஆறு மாதத்தை அந்தப் புல் கடத்துகிறது. உங்கள் வாசலிலும் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தோண்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் தோட்டங்களில் உடனே புதுக் கன்று நடுவதில்லை என்பது உங்கள் பகுதியில் அனைவருக்கும் தெரிந்ததே. மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ நட்டு, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை மண்ணைத் தேற்றிய பிறகே கன்று வைப்பார்கள். வாசலுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை என்றாலும் வரிசை அதுதான்: மண் முதலில், புல் பிறகு.

முதலில் நீரைக் கவனியுங்கள். வல்லாரை செழிக்கும் இடம் நீர் வடியாத இடம். வீட்டுக்கு மேற்பக்கத்துச் சரிவிலிருந்து வரும் மழைநீர் புற்றரைக்குள் புகாதவாறு வேலியோரமாக ஒரு கான் வெட்டி, அதைப் பக்கத்து வாய்க்காலில் சேருங்கள். அரை நாள் வேலைதான். ஆயினும் இதைத் தவிர்த்துவிட்டுச் செய்கிற மற்ற எல்லாம் மழையோடு போகும்.

அடுத்தது புளிப்பு. தேயிலைக்கு மண்ணின் அமிலகார அளவு (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருப்பது பொருத்தம்; புல்லோ 6 முதல் 6.5 வரை இருந்தால் மகிழும். பல ஆண்டுகள் தேயிலை நின்று, பசளை வாங்கிய நிலம் இயல்பாகவே புளித்திருக்கும். நீங்கள் இட்ட யூரியாவும் அந்தப் புளிப்பைச் சற்றுக் கூட்டியிருக்குமே தவிர, இறங்க இடமில்லாத வேருக்கு உதவியிருக்காது. ஆழமாக வேர்விடும் களைகள் அதை உண்டன. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு மண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும்போது சுவரோரத்து மண்ணைத் தனியாக எடுங்கள். சீமெந்து விழுந்த இடத்தில் மண் காரமாக மாறியிருக்கக்கூடும், அங்கே புளிப்பைத் தணிக்கும் சுண்ணாம்புக் கல்தூளான டொலமைட்டைப் போட்டால் கேடுதான். மற்ற இடம் புளித்திருப்பது உறுதியானால் ஒரு சதுர மீற்றருக்கு 100 முதல் 150 கிராம் வரை டொலமைட்டைத் தூவலாம். அதே நாளில் யூரியா இடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகிப் பறந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

பிறகு முள்ளு, அதாவது மண் கிளறும் இரும்புப் பற்கள் கொண்ட தோட்டக் கருவி. வெறுந்தரையிலும் நைந்த புல்லிலும் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, சாண் இடைவெளியில் முள்ளைக் குத்தி, பிடியை முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். மண்ணைப் புரட்ட வேண்டியதில்லை. துளை விழுந்து காற்றும் நீரும் இறங்கினால் போதும். சலித்த மேல்மண், நன்கு மக்கிய கூட்டெரு, ஆற்றுமணல் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பரப்பித் துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். ஆர்வ மிகுதியால் தடிப்பாகக் கொட்டுவோர் உண்டு. இருக்கிற புல்லும் அதற்குள் மூச்சு முட்டிச் சாகும். அடிமண் மிகக் கெட்டியாக இருந்தால் இதை ஆண்டுக்கு இருமுறையாக இரண்டு மூன்று ஆண்டு செய்ய வேண்டிவரும். அலுப்பான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

பாசியைச் சுரண்டி எடுப்பதால் மட்டும் பயனில்லை. அது புல்லைக் கொன்றதில்லை. புல் செத்த இடத்தில் வந்து குடியேறியது. டர்பன்டைன் மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, நான்கு மணி நேர வெயிலாவது தரையில் விழச் செய்யுங்கள். அது இயலாதென்றால் அந்த மூன்று நான்கு அடிக்குப் புல் ஆசையையே விட்டுவிட்டுக் கல் பாவி, பன்னம் நடுவது நல்லது. நிழலும் மரவேரும் சேர்ந்த இடத்தில் புல் வளர்க்க முயல்வோரைப் பார்த்து நான் இரக்கப்படுவதுண்டு.

களைகளுக்கு, மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு மெல்லிய கத்தியும் பழைய சாக்கும் போதும். முந்நூறு சதுர அடியில் களைநாசினி அடிப்பது, ஈயைக் கொல்ல உலக்கை எடுப்பதாகும். புளியாரையின் கொடி முறிந்து ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி வேர்விடும் என்பதால், பறித்ததைத் தரையில் விடாமல் சாக்கில் கட்டி எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வெற்றிடங்களில் மட்டும் புல் நட்டால் போதும். வெயில் விழும் இடத்துக்குக் கிகுயுப் புல் பொருத்தம். கிழக்காபிரிக்காவிலிருந்து வந்த புல் என்றாலும் நமது குளிருக்கு நன்றாகப் பழகிவிட்டது. இரண்டு மூன்று கணுவுள்ள கொடித் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி பதியுங்கள். ஆனால் இது எல்லை மதிக்காத புல். பக்கத்தில் கோவாப் பாத்தி இருந்தால் நடுவே தகரத்தையோ கல்லையோ ஒரு சாண் ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். அரைநிழலில் அகன்ற இலையுள்ள கம்பளப் புல் பரவாயில்லை. உங்கள் பக்கத்தில் நடுவதற்குரிய காலம் சித்திரை மழை, அல்லது தென்மேல் பருவமழை தணியும் செப்டெம்பர் இறுதி. ஜூன், ஜூலையில் நட்டால் கொடித் துண்டுகளை ஆற்றில்தான் தேட வேண்டும்.

கேள்வி: கடந்த ஜனவரியில் துகள் உறைபனி விழுந்தபின் எங்கள் புற்றரை முழுவதும் வைக்கோல் நிறமாகிவிட்டது. பிள்ளைகள் காலையில் ஓடி விளையாடிய இடத்தில் அவர்களின் காலடி கறுப்பாகப் பதிந்து அப்படியே நிற்கிறது. புல் செத்துவிட்டதா?
– நுவரெலியா வாசகர் ஒருவர்

பதில்: பெரும்பாலும் இலை மட்டுமே செத்திருக்கும். கிகுயுவாக இருந்தால், மண்ணோடு ஒட்டிய கொடியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்மையாகவும் ஈரமாகவும் இருந்தால் அது உயிரோடிருக்கிறது, இரவுக் குளிர் விலகி மழை கிடைத்ததும் துளிர்க்கும். கம்பளப் புல்லுக்கு உறைபனியைத் தாங்கும் வலிமை இல்லை; அது போனால் போனதுதான்.

காலடித் தடத்துக்குக் காரணம் பிள்ளைகளின் பாரம் அன்று. இலைக்குள் உறைந்து நிற்கும் நீர், மிதிபடும்போது கண்ணாடித் தூள்போல் நொறுங்கி இலையின் உள்ளறைகளைக் கிழித்துவிடுகிறது. வெயில் ஏறிப் பனி கரையும்வரை யாரையும் புல்லில் இறங்கவிடாதீர்கள். சூரியன் படுவதற்கு முன்பே குழாய்நீரைத் தெளித்துப் பனியைக் கரைத்துவிடலாம். வெந்நீர் கூடவே கூடாது. காய்ந்த இலையை இப்போதே ஒட்ட வெட்டிவிட வேண்டாம், அது கீழேயுள்ள கொடிக்குப் போர்வை. பசளையையும் மார்ச் இறுதிவரை ஒத்திப்போடுங்கள். குளிர்காலத்தில் யூரியா கொடுத்து வரவழைக்கும் இளந்தளிர்தான் அடுத்த உறைபனியில் முதலில் கருகும்.

கேள்வி: ஆடி மாதக் கச்சான் காற்றில் புல் காய்கிறது என்று நினைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினோம். ஆனாலும் திட்டுத் திட்டாகச் செத்து, கையால் பிடித்தால் பாய்போலச் சுருண்டு வருகிறது. போதாக்குறைக்குப் பத்து நாளாக இரவில் காட்டுப்பன்றிகள் வந்து தரையை உழுதுவிட்டுப் போகின்றன. கம்பிச் சுருக்கு வைக்கச் சொல்கிறார் அயலவர் ஒருவர்.
– பண்டாரவளை வாசகி

பதில்: வறட்சியில் காய்ந்த புல்லை இழுத்தால் வேர் பிடித்துக்கொண்டு மறுக்கும். உங்களுடையது சுருண்டு வருகிறதென்றால் வேரே இல்லை; அதை வெண்புழு தின்றுவிட்டது. ஒரு சாண் சதுரத்தில் மூன்று பக்கம் வெட்டி, மூடியைத் திறப்பதுபோல் புல்லைத் தூக்கிப் பாருங்கள். கபில நிறத் தலையும் கொழுத்த வெள்ளை உடலுமாக, பிறைபோல் வளைந்து கிடக்கும் புழுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருப்பது எந்தத் தரைக்கும் வழக்கம். ஐந்தாறு இருந்தால் அதுதான் நோய். பன்றிகள் உங்கள் புல்லைத் தேடி வரவில்லை, அந்தப் புழுவைத் தேடியே வருகின்றன. புழு தீர்ந்தால் அவற்றின் வருகையும் பெரிதும் குறையும்.

செத்த திட்டுகளைச் சுருட்டி எடுத்துவிட்டு, மண்ணை மேலாகக் கிளறி, கோழிகளை இரண்டு மூன்று காலை அவிழ்த்துவிடுங்கள். கோழி இல்லையென்றால் காகமும் மைனாவும் அந்த வேலையைச் செய்யும். நீங்கள் சற்று விலகி நின்றால் போதும். மக்காத சாணத்தைப் புற்றரையில் போடாதீர்கள், முட்டையிட வரும் வண்டுகளை அது அழைக்கும். மழை தொடங்கும் மாதங்களில் மாலை விளக்கைச் சுற்றிவந்து விழும் கபில வண்டுகளே இந்தப் புழுக்களின் தாய். அந்த நாட்களில் வாசல் விளக்கை அணைத்து வைப்பதும், விழுந்தவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவதும் அடுத்த ஆண்டுப் புழுவைக் குறைக்கும். பன்றி புரட்டிய புற்கட்டிகளை அன்று காலையிலேயே திருப்பி வைத்து, பலகையை மேலே போட்டு மிதித்து, நீர் ஊற்றினால் பாதிக்கு மேல் பிழைக்கும்; மறுநாள் வரை வெயிலில் கிடந்தால் வீண். வெற்றிடங்களுக்கு ஒக்டோபர் மழையில் நடுங்கள்.

சுருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கென்று வைத்த கம்பியில் விழுவது பன்றி மட்டுமன்று. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோன கருஞ்சிறுத்தையை மலையகத்தில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுப் பிள்ளைகளின் காலும் நாயின் கழுத்தும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. அடிப்பக்கத்தை ஓரடி மண்ணுக்குள் புதைத்த கம்பிவலை வேலியே பன்றிக்கு ஏற்ற தடை.

கேள்வி: தொட்டாற்சுருங்கியையும் கோரையையும் எத்தனை முறை பிடுங்கினாலும் திரும்ப வருகின்றனவே?
– கண்டி வாசகர்

பதில்: இரண்டையும் ஒரே மாதிரி பிடுங்கியதுதான் பிழை. தொட்டாற்சுருங்கியை, ஊதாப் பூ காயாக மாறுமுன், மழை நனைத்த மண்ணில் ஆணிவேரோடு எடுக்க வேண்டும். ஏற்கெனவே உதிர்ந்த விதை பல ஆண்டு மண்ணுக்குள் காத்திருக்கும் என்பதால் சில பருவங்களுக்கு இது தொடரும். கோரையை வெறுமனே இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கும். ஒவ்வொரு செடியையும் முள்ளால் நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். கூடவே, புல்லை மிகவும் ஒட்ட வெட்டும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், நான்கு சென்ரிமீற்றராவது விட்டுவைத்தால், அந்த நிழலில் களை விதை முளைப்பது குறையும்.