பணிந்து போனால் ஏமாளி ஆகிவிடுவோமா?

தாழ்மையாக இருந்தால் ஏறி மிதித்துவிடுவார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். பைபிளில் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் தந்திருக்கிறார் என்று அறிந்தே இயேசு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அந்தப் பந்தியில் இருந்தான். தாம் யார் என்பதில் ஐயமில்லாதவருக்குக் குனிவது இழப்பே அல்ல. பெருமைதான் எந்நேரமும் பயந்து சாகிறது.

தருமபுரி அருகே எங்கள் ஊர்க் கோயிலில், இயேசு கால் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, கேழ்வரகுக் காட்டில் உழைக்கும் முதியவர் ஒருவர் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார், அன்று முதலில் மறுத்த சீடர் பேதுருவைப் போலவே. பாதிரியார் விடவில்லை. பித்தவெடிப்பில் படிந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக் கழுவினார்.

அநியாயத்தைத் தட்டிக்கேட்கத் தாழ்மை தடையில்லை. விசாரணையில் தம்மை அறைந்தவனிடம், ஏன் அடிக்கிறாய் என்று அதே இயேசு கேட்டார்.