முதுகில் ஒரு கட்டி: யாரிடம் காட்டுவது, யாரை நம்பக் கூடாது

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. வலது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு கட்டி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் புளியங்கொட்டை அளவு இருந்தது, இப்போது சின்ன எலுமிச்சை போல ஆகிவிட்டது. வலி இல்லை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டினோம். கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று சொல்லி மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். தேதி மூன்று மாதம் கழித்துத்தான். இதற்குள் தெரிந்தவர் ஒருவர், ரத்தத்திலேயே புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை 680 வெள்ளிதான் (டாலர்), கட்டியையும் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம், எல்லாம் நானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். என் மாமியாரோ, கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயப்படுகிறார். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

பதில்: அம்மா, முதலில் அந்த 680 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அது அதோடு போகட்டும். ஊசிக்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம்.

மருந்தக டாக்டர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தோலுக்கடியில் வரும் கட்டிகளில் கொழுப்புக் கட்டிதான் மிகச் சாதாரணம். நாற்பது, ஐம்பது வயதில் முதுகிலும் தோளிலும் கையிலும் வரும், மெதுவாக வளரும், வலிக்காது. தொட்டால் பிசைந்த மாவு போல மெத்தென்று இருக்கும். ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினால் கட்டி நழுவி அந்தப் பக்கம் போகும். இன்னொரு வகை தோல் பை. அதன் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், உள்ளே நாற்றமடிக்கும் வெண்ணெய் போன்ற பொருள் இருக்கும். அதைப் பிதுக்கினால் பை உள்ளேயே கிழிந்து சீழ் பிடிக்கும். பையை முழுதாக எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். மஞ்சள் பற்று, சூடான எண்ணெய் எதுவும் அந்தப் பையைக் கரைக்காது.

இன்று இரவே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு வெள்ளி நாணயம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் வரும். கட்டிக்குப் பக்கத்தில் அந்த இரண்டையும் வைத்து ஒரு படம் எடுங்கள். மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் அதே போல எடுங்கள். அப்புறம் அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, இரண்டு கைகளையும் ஊன்றிச் சுவரைத் தள்ளச் சொல்லுங்கள். அவர் தள்ளும்போது கட்டியைத் தொட்டுப் பாருங்கள். தசை இறுகும்போதும் கட்டி மேலே எடுப்பாகத் தெரிந்து விரலுக்கு நழுவினால், அது தசைக்கு மேலே இருக்கிறது. தசை இறுகியதும் மங்கிப் போனாலோ, ஆணி அடித்தது போல அசையாமல் நின்றாலோ, ஆழத்தில் இருக்கிறது. இதை வைத்து நீங்களே முடிவு கட்டக் கூடாது. டாக்டரிடம் சொல்வதற்காகத்தான் இது.

இரண்டு நாணயத்துக்கு மேல் பெரியது, ஆழத்தில் இருப்பது, சில மாதங்களுக்குள் கண்ணுக்குத் தெரிய வளர்வது, புதிதாக வலிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் இல்லாமல் விடக் கூடாது. கழுத்திலோ அக்குளிலோ நாலைந்து வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டியும், பெண்களுக்கு மார்பில் வரும் எந்தக் கட்டியும் காத்திருக்கக் கூடாதவை. வெற்றிலை, புகையிலை போடும் பெரியவர்களுக்குக் கழுத்தில் கட்டி வந்தால் வாயையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இனி அந்தத் தெரிந்தவர். இவரைப் போன்றவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கோயிலில் வருவார்கள், புளோக்கின் கீழ்த்தளத்தில் வருவார்கள், இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறார்கள். பேச்சு ஆதரவாக இருக்கும். நோயாளியை அழைத்துப் போனதற்கு யாரிடமிருந்தோ அவருக்குப் பங்கு வருகிறதா என்று அவரையே நேராகக் கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

ரத்தத்தில் பார்க்கும் அந்தக் குறியீடுகள் ஒரு கட்டி என்ன என்பதைச் சொல்வதில்லை. ஏற்கெனவே உறுதியான சில புற்றுநோய்களில் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்தொடரத்தான் அவை பெரும்பாலும் பயன்படுகின்றன. அவற்றில் ஒன்று புகைபிடிப்பவருக்கு நோயே இல்லாமலும் சற்று உயர்ந்திருக்கும். உங்கள் கணவர் புகைபிடிப்பவரா? அப்படியானால் அந்த எண்ணைக் காட்டியே அடுத்த ஆயிரம் வெள்ளியை வாங்கிவிடுவார்கள். எண் சரியாக இருந்தால் அது இன்னும் மோசம். ஒன்றுமில்லை என்று நினைத்து மருத்துவமனைத் தேதியை ரத்து செய்துவிடுவீர்கள். மென்திசுப் புற்றுநோயை, அதாவது கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோயை, நம்பி உறுதிசெய்யக்கூடிய ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது.

கரைக்கிற ஊசியைப் பற்றி ஒரே வார்த்தை: என்ன கட்டி என்று தெரியாமல் எதையும் கரைக்கக் கூடாது. நாளைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டிய திசு அங்கேயே சிதைந்து போகும்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். கத்தி பட்டால் பரவும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் பயம். சாதாரணக் கொழுப்புக் கட்டிக்கு அது பொருந்தாது. அதில் பரவ ஒன்றும் இல்லை. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நான் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்று போலத்தான் மென்திசுப் புற்றுநோய். அவ்வளவு அரிது. அரிது என்பதாலேயே அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வெளியே பார்த்தால் கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்கும். ஒருவர் ஸ்கேன் எடுக்காமல், "சின்ன வேலைதான், அரை மணி நேரம்" என்று தோண்டி எடுத்துவிடுகிறார். பலாப்பழத்தைத் தோலோடு முழுதாக எடுக்க வேண்டிய இடத்தில், பிளந்து சுளை சுளையாக எடுத்தது போல ஆகிவிடும். உள்ளே இருந்தது சுற்றிலும் சிந்திவிடும். ரத்தம் கசிந்த இடமெல்லாம் செல்களும் போயிருக்கலாம். பிறகு வரும் அறுவை சிகிச்சை முதலில் செய்திருக்க வேண்டியதைவிடப் பெரிதாகிவிடும். சிலருக்குக் கதிர்வீச்சும் சேரும். மாமியாரின் தலைமுறை கண்டது இப்படிப்பட்ட நோயாளிகளைத்தான். பரவியதற்குக் கத்தி காரணமில்லை, பார்க்காமல் வெட்டியதுதான் காரணம்.

என்னிடம் வந்த ஒருவர், தொடையில் இருந்த கட்டியை ஒரு தனியார் மருந்தகத்தில் எடுத்திருந்தார். எட்டு மாதத்தில் அதே தழும்பில் மறுபடியும் வீங்கியது. எடுத்ததைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்களா என்று கேட்டேன். "கொழுப்புதானே, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்" என்றார். அந்தக் குப்பைத் தொட்டியில்தான் எங்களுக்குத் தேவைப்பட்ட பதில் இருந்தது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் அல்ட்ராசவுண்ட். கட்டி பெரிதாகவோ ஆழமாகவோ இருந்தால் எம்ஆர்ஐ. சந்தேகம் இருந்தால் மட்டும் ஊசியால் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது. அந்த ஊசியைக்கூட, பின்னால் அறுவை செய்யப்போகிற குழுவிடம் கேட்டுத்தான் போட வேண்டும். ஊசி போன தடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கலாம். சந்தேகம் என்று வந்தால் தேசியப் புற்றுநோய் நிலையத்திலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கென்றே பழகிய குழுக்கள் இருக்கின்றன. அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்று மாதக் காத்திருப்பு எனக்கும் பிடிக்கவில்லை. கடிதத்தில் "முதுகில் கட்டி" என்று ஒரே வரி எழுதியிருந்தால், அதைப் பிரித்துப் பார்ப்பவர் என்ன செய்வார்? வரிசையின் கடைசியில் போடுவார். அளவு, எத்தனை மாதத்தில் எவ்வளவு வளர்ந்தது, மேலேயா ஆழத்திலா என்று மூன்று வரி எழுத இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தை மருந்தக டாக்டருக்கு யாரும் தருவதில்லை. நோயாளி மூன்று மாதம் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனவே நீங்கள் படங்களோடு மறுபடியும் மருந்தகத்துக்குப் போங்கள். இரண்டு நாணயத்தைத் தாண்டியிருக்கிறது, அல்லது ஆழத்தில் இருப்பது போலத் தெரிகிறது என்றால், தேதியை முன்கூட்டித் தரும்படி புதுக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், தயங்கவும் வேண்டாம். காய்ச்சலோடு சிவந்து வீங்கினால் மட்டும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்தக் கடிதத்தை விட்டுவிட்டுப் பொறுமையிழந்து தனியார் நோயாளியாகப் போய் உட்காராதீர்கள். பலதுறை மருந்தகக் கடிதத்தோடு போனால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும். ஒரு தடவை தனியாராகத் தொடங்கிவிட்டால், மானியத்துக்குத் திரும்புவது பெரும்பாடு. அறுவை என்று முடிவானால், சுகாதார அமைச்சின் அறுவை சிகிச்சைப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பயன்படும். அழகுக்காக மட்டும் எடுப்பதற்குப் பயன்படாது. எவ்வளவு கழிப்பார்கள் என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடமே கேளுங்கள். நடுவில் எந்தத் தெரிந்தவரும் தேவையில்லை.

ஸ்கேனில் சாதாரணக் கொழுப்பு என்று வந்து, அவருக்கு உறுத்தலும் இல்லையென்றால், எடுக்காமலே விடலாம். எடுத்தால், மயக்கம் தெளிந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்களா என்பதுதான். அறிக்கை வந்ததும் ஒரு பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள்.