டாப் ஸ்பீடு ஏறியும் லேப் நேரம் குறையவில்லையே, ஏன்?

கேள்வி: கணினியில் ஃபார்முலா கார் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். நண்பர்களோடு லீக் போட்டி நடக்கிறது. பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில், காரைத் தரையோடு அழுத்தும் பின்பக்க இறக்கையான ரியர் விங்கை நன்றாகக் குறைத்துப் பார்த்தேன். கெம்மல் நேர்பாதையின் முடிவில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் கூடியது. ஆனால் லேப் நேரம் அரை நொடி மோசமாகிவிட்டது. பூஓன் வளைவில் பின்பக்கம் வழுக்கிக் கார் சுழல்கிறது. ஒவ்வொரு ட்ராக்குக்கும் விங் அளவை எப்படி முடிவு செய்வது? மழை வந்தால் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 12 கிலோமீட்டரைப் பார்த்துவிடுவோம். அது நேர்பாதையின் கடைசிச் சில நொடிகளில் மட்டும் கிடைப்பது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதைச் சமாளிக்கத் தேவைப்படும் எஞ்சின் சக்தியோ மும்மடிக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 150 கிலோமீட்டரில் விங் பெரிதா சிறிதா என்பது முடுக்கத்தில் பெரிதாகத் தெரியாது. 280-ஐத் தாண்டிய பிறகுதான் சின்ன விங் வேலை காட்டும். ஆக, முடிவில் 12 கூடினாலும் நேர்பாதை முழுக்கச் சராசரி எடுத்தால் 5 கூடியிருந்தாலே அதிகம்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு கிலோமீட்டர் தூரத்தைச் சராசரி 300-ல் கடக்க 12 நொடி ஆகும். 305-ல் கடந்தால் 11.8. லாபம் 0.2 நொடி. இப்போது 600 மீட்டர் நீளமுள்ள வளைவுப் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 210-ல் போனால் 10.29 நொடி. விங்கைக் குறைத்ததால் 203-தான் முடிகிறது என்றால் 10.64. நஷ்டம் 0.35 நொடி. ஒரு நேர்பாதையில் சேர்த்ததை ஒரே வளைவு சாப்பிட்டு, மேற்கொண்டு கடனும் வைத்துவிட்டது. ஸ்பாவின் நடுப்பகுதியில், லெ கோம்ப் தொடங்கி ஸ்டாவ்லோ வரை, இப்படி வளைவுகள் வரிசையாக வருகின்றன. உங்கள் அரை நொடி போன இடம் அதுதான்.

பூஓனில் சுழல்வது வேறு விஷயம். பின்பக்க விங்கைக் குறைத்திருக்கிறீர்கள், முன்பக்கத்தை அப்படியே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸ் பின்னால் குறைந்து முன்னால் அப்படியே இருந்தால், வேகமான வளைவில் மூக்கு உள்ளே பாயும், வால் வெளியே ஓடும். பின்னால் குறைத்தால் முன்னாலும் கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும்; ஒவ்வொரு படியாக இறக்கிப் பாருங்கள். இங்கே ஒரு சோதனை உதவும். வேகமான வளைவில் மட்டும் பின்பக்கம் வழுக்கினால் கோளாறு விங்கில். லா சூர்ஸ் போன்ற ஹேர்பின்னிலும் (மிக மெதுவான, கூர்மையான திருப்பம்) வழுக்கினால் ஸ்பிரிங், ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), டிஃபரென்ஷியல் (இரு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பாகம்) பக்கம் பாருங்கள். அந்த வேகத்தில் விங்கால் ஆகக்கூடியது சொற்பம்: மணிக்கு 300-ல் கிடைக்கும் டவுன்ஃபோர்ஸில் 60-ல் கிடைப்பது 25-ல் ஒரு பங்குதான்.

அப்படியென்றால் மெதுவான வளைவுகள் நிறைந்த மொனாக்கோ ட்ராக்கில் ஃபார்முலா 1 அணிகள் ஏன் மிகப் பெரிய விங் மாட்டுகிறார்கள்? நியாயமான சந்தேகம். அங்கே ஹேர்பின்னில் வேகம் 50-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த இடத்தில் விங் பெரிதாக எதையும் காப்பாற்றாது. ஆனால் 3.337 கிலோமீட்டர் சுற்றில் காற்றுத் தடை நேரத்தைத் தின்னும் அளவுக்கு நீளமான நேர்பாதையே இல்லை. கேசினோ, நீச்சல்குளம் போன்ற நடுத்தர வேக வளைவுகளிலும் பிரேக் போடும்போதும் கிடைக்கிற லாபம் ஏறக்குறைய இலவசம். இத்தாலியின் மோன்சா ட்ராக்கில் நிலைமை நேர் எதிர். ஒரு சுற்றில் முக்கால்வாசி நேரம் ஆக்ஸிலரேட்டர் முழுதாக அழுந்தியே இருக்கும். மற்ற பெரும்பாலான ட்ராக்குகளில் பயன்படாத தட்டையான விங்கை அந்தப் பந்தயத்துக்காகவே அணிகள் செய்து கொண்டுவந்ததுண்டு.

மெக்சிகோ சிட்டி விசித்திரமான இடம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மொனாக்கோ அளவு விங்கை மாட்டினாலும் கிடைக்கும் டவுன்ஃபோர்ஸ் மோன்சா அளவுதான். காற்றுத் தடையும் அதே விகிதத்தில் குறைவதால் பெரிய விங்கோடும் டாப் ஸ்பீடு எகிறும். உங்கள் சிமுலேட்டர் உயரத்தைக் கணக்கில் எடுத்தால் அங்கே தயங்காமல் விங்கை ஏற்றுங்கள்.

சரி, மோன்சா என்றாலே சின்ன விங்தானா? 2010-ல் மெக்லாரன் அணியின் இரண்டு ஓட்டுநர்களும் ஆளுக்கொரு வழியில் போனார்கள். அந்த ஆண்டு, ஓட்டுநரே ஒரு காற்றுக்குழாயை அடைத்து நேர்பாதையில் ரியர் விங்கைச் செயலிழக்கச் செய்யும் எஃப்-டக்ட் அமைப்பு இருந்தது. ஜென்சன் பட்டன் அதை வைத்துக்கொண்டு பெரிய விங்கோடு ஓட்டினார். லூயிஸ் ஹாமில்டன் அதைக் கழற்றிவிட்டுச் சின்ன விங்கோடு இறங்கினார். தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் பட்டன் இரண்டாமிடம், ஹாமில்டன் ஐந்தாமிடம். பந்தயத்தில் பட்டன் பிட் ஸ்டாப் (டயர் மாற்ற நிறுத்துவது) வரை முன்னணியில் இருந்து அலோன்சோவுக்கு அடுத்து இரண்டாவதாக முடித்தார். ஹாமில்டன் முதல் சுற்றிலேயே மோதி வெளியேறியதால் பந்தய வேகத்தில் எது மேல் என்று ஒப்பிட வழியில்லாமல் போனது. ஒரே கார், ஒரே ட்ராக், இரண்டு எதிரெதிர் விடைகள். அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் ‘மோன்சா செட்டப்’ எண்களை அப்படியே நகலெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. எரிபொருள் அளவு, டயர் இரண்டையும் மாற்றாமல் பெரிய, நடுத்தர, சிறிய விங் மூன்றிலும் சில சுற்றுகள் ஓட்டுங்கள். மொத்த லேப் நேரத்தை விட்டுவிட்டு ட்ராக்கைப் பிரித்திருக்கும் மூன்று பகுதிகளான செக்டார்களின் நேரங்களையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஸ்பாவில் சின்ன விங் முதல், மூன்றாம் செக்டார்களில் கொடுக்கும், இரண்டாம் செக்டாரில் பிடுங்கும். கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும். இரண்டு அமைப்புகள் ஏறக்குறைய சமமாக வந்தால் நான் பந்தயத்துக்குச் சின்ன விங்கைத் தேர்வு செய்வேன். நேர்பாதையில் வேகமாக இருப்பவரை முந்துவது கஷ்டம். ஆனால் டயரைக் கவனியுங்கள். டவுன்ஃபோர்ஸ் குறைந்தால் வளைவில் கார் சறுக்கும், டயர் சூடேறும், பத்துச் சுற்றுக்கு அப்புறம் கணக்கு தலைகீழாகலாம்.

விங்கைத் தொடுவதற்கு முன் தரையிலிருந்து காரின் உயரத்தையும் பாருங்கள். காரின் அடிப்பகுதி தரும் டவுன்ஃபோர்ஸுக்குக் காற்றுத் தடை குறைவு. தரைக்கு நெருக்கமாக இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். ஆனால் மேடுபள்ளமான ட்ராக்கில் ரொம்பத் தாழ்த்தினால் அடி உரசும். 2023-ல் ஆஸ்டின் பந்தயத்துக்குப் பிறகு காருக்கு அடியில் இருக்கும் பலகை விதிமீறிய அளவு தேய்ந்திருந்ததால் ஹாமில்டன், லெக்லெர் இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். சிமுலேட்டரில் அந்தத் தண்டனை இல்லாவிட்டாலும், உரசும்போது வேகம் போகும், பிடிமானம் திடீரென அறுந்துபோகும்.

இனி மழை. ஈரத்தில் வளைவு வேகம் குறைவதால் டவுன்ஃபோர்ஸும் தானாகக் குறைகிறது. நேர்பாதை வேகத்தைவிடப் பிடிமானம்தான் அங்கே முக்கியம். அதனால் விங்கை ஏற்றுவதே சரி. சிக்கல், முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருப்பதுதான். 2025 ஸ்பாவில் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் சனிக்கிழமை நடந்த, குறைந்த சுற்றுகள் கொண்ட ஸ்பிரிண்ட் போட்டியைச் சின்ன விங்கோடு வென்றார். முதல் சுற்றிலேயே கெம்மலில் பியாஸ்ட்ரியை முந்தி, நேர்பாதை வேகத்தை வைத்தே கடைசிவரை தடுத்து நின்றார். ஞாயிறு மழையை எதிர்பார்த்து விங்கை ஏற்றினார்கள். பந்தயம் தாமதமாகத் தொடங்கியது, ட்ராக் சீக்கிரமே காய்ந்துவிட்டது, அவர் லெக்லெருக்குப் பின்னால் சிக்கி நான்காவதாக முடித்தார். தகுதிச் சுற்று தொடங்கியபின் ரியர் விங்கை மாற்ற விதி இடம் தராது. முன் விங்கின் சாய்க்கக்கூடிய பகுதியான ஃப்ளாப்பின் கோணத்தை மட்டும் மாற்றலாம், அதையும் பிட் ஸ்டாப்பில் செய்துகொள்ளலாம். உங்கள் லீக்கிலும் அதே விதி இருந்தால், மழை பாதிப் பந்தயத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால் மட்டும் பெரிய விங்குக்குப் போங்கள். சந்தேகமாக இருந்தால் காய்ந்த ட்ராக்குக்கான விங்கிலிருந்து ஒன்றிரண்டு படி மட்டும் ஏற்றுங்கள். மழை பெய்யும்போது பிட்டுக்கு வந்தால் முன் ஃப்ளாப்பை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் கொஞ்சம் அடங்கும்.