சென்டரா, ஃபார்வர்டா? பதில் கதவு நிலையில் இருக்கிறது

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். உயரம் 6 அடி 3 அங்குலம், எடை 66 கிலோ. பள்ளி கூடைப்பந்து அணியில் பி.இ.டி. சார் அவனை சென்டராக ரிங்குக்குக் கீழேயே நிறுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரிக்குப் பயிற்சிக்குப் போகிறான். அங்கே இருக்கும் கோச், “இவன் பவர் ஃபார்வர்டு, சென்டரிலேயே வைத்தால் வீணாகிவிடுவான்” என்கிறார். வீட்டுக்காரர் 6 அடி, நான் 5 அடி 7 அங்குலம். முந்தைய வருஷத்துக்கு முந்தைய வருஷம் 11 செ.மீ. வளர்ந்தான், போன வருஷம் 6, இந்த வருஷம் 3. சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சில நாள் முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்கிறான். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தனியாக நின்று மூன்று பாயின்ட் லைனிலிருந்து போட்டுப் பழகுகிறான். சார் பார்த்தால் திட்டுவார் என்று பயம். எதிர்காலத்துக்கு அவனுக்கு எந்த இடம் நல்லது? யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, எதிர்காலத்துக்கு பவர் ஃபார்வர்டு, அதாவது ரிங்குக்குப் பக்கத்திலும் வெளியே தள்ளியும் ஆடுகிற நாலாம் நம்பர். என் பதில் இதுதான். ஆனால் இந்த வருஷம் பள்ளி மேட்சில் சார் சென்டரில் நிறுத்தினால் தயங்காமல் நிற்கட்டும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பி.இ.டி. சார் அடுத்த மாத மேட்சைப் பார்க்கிறார், புதுச்சேரி கோச் நாலைந்து வருஷம் தள்ளிப் பார்க்கிறார். எதிர்காலத்துக்கு எது நல்லது என்று நீங்கள் கேட்டதால் நானும் தள்ளியே பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்தக் கதவு நிலைக் கோடுகள். 11, 6, 3 என்று குறைந்துகொண்டே வருகிறது. பையன்களுக்கு வேகமான வளர்ச்சி பெரும்பாலும் 13, 14 வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அடங்கும். உங்கள் பையனுக்கு உச்சம் தாண்டிவிட்டது. இன்னொரு கணக்கும் உண்டு: அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, ஆண் பிள்ளை என்றால் 13 செ.மீ. சேர்த்து, இரண்டால் வகுப்பார்கள். உங்கள் வீட்டுக்கு அது ஏறக்குறைய 183 செ.மீ. வருகிறது. பையன் இப்போதே 190. இந்தக் கணக்கு முன்னே பின்னே போகக்கூடியதுதான், ஆனாலும் இனி அவன் பெரிதாக உயர்வான் என்று நம்பித் திட்டம் போட முடியாது. 6 அடி 4, மிஞ்சினால் 6 அடி 5 என்று வைத்துக்கொள்வோம்.

கடலூர் மாவட்ட மேட்சில் அந்த உயரம் பெரிய உயரம். மேலே போகப் போக அது சாதாரணமாகிவிடும். இந்திய அணிக்கு சென்டராக ஆடிய அம்ரித்பால் சிங் 6 அடி 11 அங்குலம். 2015இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்த பஞ்சாப் பையன் சத்னம் சிங் 7 அடி 2 அங்குலம். அப்படிப்பட்டவர்களோடு ரிங்குக்குக் கீழே தோளோடு தோள் உரசி நிற்க 6 அடி 4 போதாது. ஒன்று மட்டும் அளந்து பாருங்கள்: இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு கை நடுவிரல் நுனியிலிருந்து மறு கை நுனி வரை. உயரத்தைவிட 10 செ.மீ.க்கு மேல் அதிகம் வந்தால் அவன் தன் உயரத்தைவிடப் பெரியவனாக ஆடுவான். கோல்டன் ஸ்டேட் அணியின் டிரேமண்ட் கிரீன் 6 அடி 6 அங்குலம்தான். நீண்ட கைகளும் கூர்மையான மூளையும் இருந்ததால் பல சமயம் சென்டராக நின்று தடுத்தார், 2017இல் என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். அப்படிப்பட்டவர்கள் அபூர்வம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு 14 வயதில் 6 அடி. வகுப்பிலேயே நான்தான் உயரம் என்பதால் ரிங்குக்குக் கீழே நிறுத்தினார்கள். “பந்தைத் தரையில் தட்டாதே, பிடித்ததும் மேலே போடு” என்பதுதான் நான்கு வருஷமும் எனக்குக் கிடைத்த பயிற்சி. நிறைய ஜெயித்தோம். அப்புறம் நான் ஒரு அங்குலம்தான் வளர்ந்தேன். சென்னையில் ஒரு கல்லூரித் தேர்வுக்குப் போனபோது என்னைவிட உயரமானவர்கள் ஐந்து பேர் நின்றார்கள். “ஃபார்வர்டு ஆடு” என்றார்கள். இடது கையால் பந்தை நாலு தட்டு தட்ட எனக்கு வரவில்லை. அன்று மாலை எழும்பூரில் ரயில் ஏறி ஊர் திரும்பியது இன்னும் மனதில் இருக்கிறது. அந்த நிலை உங்கள் பையனுக்கு வரக்கூடாது.

சரி, சென்டருக்கும் ஃபார்வர்டுக்கும் உண்மையான வித்தியாசம் என்ன? பலரும் பந்து கையில் இருக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது எதிரணியில் யாரைத் தடுக்க முடியும் என்பதை. சென்டர் ரிங்கைக் காக்க வேண்டும், கனமான உடம்பைத் தாங்க வேண்டும். நாலாம் நம்பர் அதையும் ஓரளவு செய்துவிட்டு, 6.75 மீட்டர் தள்ளியிருக்கும் மூன்று பாயின்ட் லைன் வரை ஓடிப்போய் ஷூட்டரை மறிக்க வேண்டும், அங்கிருந்து அவன் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தால் பக்கவாட்டில் நகர்ந்து முன்னால் நிற்க வேண்டும். இது முழுக்கக் கால் வேலை.

நம் பள்ளி மேட்சில் இது வெளியே தெரியாது. பெரும்பாலான அணிகள் ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கும் டூ-த்ரீ ஸோன் ஆடுகின்றன: முன்னால் இருவர், பின்னால் மூவர், நடுவில் உயரமான பையன். நாம் ஆடும் சர்வதேச விதியில் தடுப்பவர் ரிங்குக்குக் கீழே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்.பி.ஏ.வில் யாரையும் மறிக்காமல் 3 வினாடிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. அதனால் நம் உயரமான பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றே பெயர் வாங்கிவிடுகிறார்கள். கால் நகர்கிறதா இல்லையா என்பது 18 வயதில்தான் அம்பலமாகிறது. புதுச்சேரி கோச்சிடம் ஒரு சோதனை வைக்கச் சொல்லுங்கள்: அங்கே இருப்பதிலேயே வேகமான சின்னப் பையனை உங்கள் மகன் பத்து நிமிஷம் ஒண்டிக்கு ஒண்டி தடுக்கட்டும். முதல் நாள் தோற்பான். மூன்று மாதம் கழித்தும் அதே அளவு தோற்றால் எனக்கு எழுதுங்கள், என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.

எதை இப்போது கற்க வேண்டும், எது காத்திருக்கும் என்பதுதான் அடுத்த விஷயம். உடம்பு பலம் 19, 20 வயதில் தானாகக் கூடும். ஷூட்டிங்கைப் பிறகும் கற்கலாம்: 7 அடி சென்டர் புரூக் லோபஸ் தன் முதல் 8 என்.பி.ஏ. சீசன்களில் மொத்தம் மூன்றே முறைதான் மூன்று பாயின்ட் போட்டிருந்தார், ஒன்பதாவது சீசனில் மட்டும் 134 முறை போட்டார். பந்தைத் தட்டிக்கொண்டே போகும் டிரிபிளிங்கும், இடது கையும், ஓடிக்கொண்டே பார்த்து பாஸ் கொடுப்பதும் அப்படி இல்லை. அவை சின்ன வயதில் கைக்குள் வர வேண்டும். என்.பி.ஏ. வீரர் அந்தோணி டேவிஸ் பள்ளியில் கார்டாக, அதாவது வெளியே நின்று பந்தைத் தட்டிக்கொண்டு போகிற இடத்தில் ஆடியவர். பிறகு மளமளவென்று 6 அடி 10க்கு வளர்ந்தார். கார்டாக இருந்தபோது பழகிய கை அப்படியே கூட வந்தது.

அதற்காக சென்டர் வேலையை அவன் உதற வேண்டாம். முதுகைக் காட்டி நின்று பந்து வாங்குவது, ஒரு காலைப் பின்னால் வைத்துத் திரும்பும் டிராப் ஸ்டெப், இரண்டு கையாலும் தலைக்கு மேலே வளைத்துப் போடும் ஹூக் ஷாட், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டுக்கு முன் எதிராளியை இடுப்பால் மறிப்பது எல்லாம் பி.இ.டி. சார் தருகிற சொத்து. நாளை நாலாம் நம்பராக ஆடும்போது குள்ளமான ஒருவன் அவனைத் தடுக்க வந்தால், உள்ளே இழுத்துக்கொண்டு போய் சுலபமாகப் போட இதுதான் உதவும். சாயங்காலம் தனியாகப் போட்டுப் பழகுகிறானே, அதைக் கேட்டு எனக்கு நிறைவாக இருந்தது. யாரும் சொல்லாமல் ஒரு பையன் எதைச் செய்கிறானோ அதில் அவன் மனசு இருக்கிறது. ஒளிந்து செய்யத் தேவையில்லை. நண்பர்களோடு அரை கோர்ட்டில் மூவருக்கு மூவர் ஆடட்டும். அதில் ஒளிய இடமே இல்லை, எல்லோரும் தட்ட வேண்டும், எல்லோரும் எல்லோரையும் தடுக்க வேண்டும்.

சாரிடம் நீங்களோ வீட்டுக்காரரோ நேரில் போய்ப் பேசுங்கள். புதுச்சேரி கோச் பெயரை இழுக்காதீர்கள். “உங்களால்தான் சார் இவ்வளவு தூரம் வந்தான், 20 பாயின்ட் முன்னால் இருக்கும் மேட்சில் ஒரு குவார்ட்டர் மட்டும் ரிங்கை விட்டு வெளியே தள்ளி ஆட விட்டுப் பாருங்கள்” என்று கேளுங்கள். ஒரு குவார்ட்டர் 10 நிமிஷம்தான். மாட்டேன் என்று சொல்லும் பி.இ.டி. சாரை நான் அதிகம் பார்த்ததில்லை.

முட்டி வலியை விட்டுவிடாதீர்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே, எலும்பு கொஞ்சம் புடைத்த இடத்தில் அழுத்தினால் வலித்தால், வேகமாக வளரும், குதித்து விளையாடும் பிள்ளைகளுக்கு வருகிற ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற தொந்தரவாக இருக்கலாம். பெரும்பாலும் வளர்ச்சி நிற்கும்போது தானே போய்விடும். என்றாலும் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், வலிக்கிற நாட்களில் சிமென்ட் தரையில் குதிக்க விடாதீர்கள். 66 கிலோ குறைவுதான், அதற்காக டப்பாவில் விற்கும் புரோட்டீன் பவுடர் வேண்டாம். முட்டை, பால், சுண்டல், நம் துறைமுகத்தில் கிடைக்கும் மத்தி மீன் போதும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிறது. ஜனவரியிலிருந்து ஞாயிறு புதுச்சேரிப் பயணத்தை நிறுத்திவிடுங்கள். தினமும் அரை மணி நேரம் இடது கை டிரிபிளிங் வீட்டு வாசலிலேயே நடக்கட்டும். தேர்வு முடிந்த மறுநாள் கதவு நிலையில் அடுத்த கோட்டைப் போட்டு, கைநீளத்தையும் அளந்து எனக்கு எழுதுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தால் இந்தக் கணக்கை இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்து போடுவோம்.