சொல்லாமல் விட்ட அமர்வு

அன்புள்ள ஐயா,

உளச்சிகிச்சையாளராகப் பணி தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் அமர்வுகளைப் பற்றிப் பேசி வழிகாட்டல் பெற, மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மேற்பார்வைக்குச் செல்கிறேன். நன்றாக அமைந்த அமர்வுகளை மட்டுமே அவரிடம் எடுத்துச் செல்கிறேன் என்பதை அண்மையில்தான் உணர்ந்தேன். சென்ற மாதம் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் தம் தாயின் இறப்பைப் பற்றிப் பேசியபோது எனக்குள் அலுப்பும் எரிச்சலும் எழுந்தன. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். அதன்பின் இரண்டு வாரங்களாக அவர் வரவில்லை. இதை என் வழிகாட்டியிடம் சொல்லவில்லை. என் உரிமத்துக்கான சான்றில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. சொல்லியிருக்க வேண்டுமா? அனுபவம் கூடக்கூட இவையெல்லாம் தாமே சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொல்லியிருக்க வேண்டும், இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் மறைத்ததை உங்களுடைய தனிப்பட்ட கோழைத்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சியில் இருந்த சிகிச்சையாளர்களிடம் நடத்தப்பட்டு 1996இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் தங்கள் மேற்பார்வையாளரிடம் எதையேனும் மறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். மறைத்தவற்றுள் முதலிடம் பெற்றது மேற்பார்வையாளர்மீதே எழுந்த மனக்குறை என்பது, பல ஆண்டுகளாக அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இன்றும் உறைக்கிற செய்தி.

நண்பர்கள் சொன்ன ஆறுதலை நான் ஏற்க மாட்டேன். 170 சிகிச்சையாளர்களின் பணியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், அனுபவம் கூடியதால் சராசரியாக முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. மிகச் சிறிய அளவில் சரிவுதான் தெரிந்தது. காரணம் புரியாததல்ல. அம்பு எய்தவருக்கு அது தைத்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. நம்மை விட்டு விலகியவரோ, ஏன் விலகினேன் என்று திரும்பி வந்து சொல்வதில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்யத்தான் இன்னொருவர் நம் பணியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. (மேற்பார்வை என்ற சொல்லில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மேஸ்திரியின் சாயல் இருப்பது எனக்கு உவப்பாக இல்லை, ஆயினும் வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை அதையே வைத்துக்கொள்கிறேன்.)

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. வந்தவருக்கு வலித்த இடத்தில் நீங்கள் பேச்சைத் திருப்பினீர்கள். பிறகு உங்களுக்கு வலிக்கும் இடத்தில் வழிகாட்டியிடமும் பேச்சைத் திருப்புகிறீர்கள். சிகிச்சை அறையில் நிகழ்வது மேற்பார்வை அறையிலும் நிழலாடும் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் ஹரால்ட் சியர்ல்ஸ் 1955இல் எழுதினார். மேற்பார்வையாளர் தமக்குள் திடீரென எழும் உணர்வையே அங்கே நடந்ததற்கான தடயமாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. எதற்கெடுத்தாலும் இதைப் பொருத்திப் பார்த்து மகிழும் மூத்தவர்களும் உண்டு. அவர்களைக் கண்டால் எனக்குச் சலிப்பு. ஆனால் உங்கள் விஷயத்தில் இது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். ஆகவே அடுத்த முறை, வந்தவரின் கதையிலிருந்து தொடங்காமல், "எனக்கு எரிச்சல் வந்தது, அதை உங்களிடம் சொல்லவும் தயங்கினேன்" என்பதிலிருந்தே தொடங்குங்கள்.

கையெழுத்து பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஃப்ராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வுப் பயிற்சியில், மாணவருக்கே சிகிச்சை அளித்து அவரது அந்தரங்கத்தைக் கேட்பவரே அவரது தகுதி குறித்துக் குழுவுக்கு அறிக்கை தரும் வழக்கம் பல நிறுவனங்களில் இருந்தது. மனம் திறந்து பேசுவதை அது தடுக்கிறது என்ற எதிர்ப்பு வலுத்து, பின்னர் பல இடங்களில் கைவிடப்பட்டது. மேற்பார்வையில் அந்த இரட்டை வேடம் இன்னும் நீடிக்கிறது, முழுவதும் நீங்கவும் வழியில்லை. வருபவர்களின் நலனுக்கு யாரேனும் பொறுப்பேற்கத்தான் வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, எவை அறிக்கைக்குப் போகும், எவை உங்கள் இருவருக்கிடையே நிற்கும் என்பதை வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதாகும். உண்மையில் அவரே முதல் நாளில் சொல்லியிருக்க வேண்டியது அது.

இன்னொன்று, ஒலிப்பதிவு. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்திலேயே அமர்வுகளைப் பதிவுசெய்து மாணவர்களோடு கேட்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மில் பெரும்பாலோர் நினைவிலிருந்தே ஒப்பிக்கிறோம். என் தொடக்க நாட்களில், ஓர் அமர்வில் மிகுந்த பொறுமையோடு செவிசாய்த்ததாக என் வழிகாட்டியிடம் விவரித்தேன். வந்தவரின் ஒப்புதலோடு பதிவு செய்திருந்த நாடாவைப் போட்டுக் கேட்டபோது, மூன்றாவது நிமிடத்திலேயே அவர் பேச்சை நான் வெட்டியிருந்தேன். நான் பொய் சொல்லவில்லை. என் நினைவு எனக்குச் சாதகமாகத் திருத்தி எழுதியிருந்தது. வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல், மறுவாரம் தம்முடைய பழைய நாடா ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அதில் வந்தவரின் கணவர் பெயரை அவர் இருமுறை மாற்றிச் சொல்லியிருந்தார், அந்தப் பெண் இருமுறையும் பொறுமையாகத் திருத்தியிருந்தார். அதன்பிறகு அவரிடம் எதையும் மறைக்க எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வழிகாட்டியும் தம் தவறு ஒன்றை உங்கள் முன் வைத்திருந்தால், இந்தக் கடிதத்தை நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள் என்றே எண்ணுகிறேன். பிழையின் பொறுப்பு முழுவதும் உங்களுடையதல்ல என்று நான் கருதுவது இதனால்தான்.

தாயின் இறப்பு என்றதும் ஏன் எரிச்சல் வந்தது என்பதை மேற்பார்வையில் ஓரளவுக்கு மேல் துருவ வேண்டாம். அது உங்கள் சொந்த வாழ்வைத் தொடுவதாகத் தெரிந்தால் உங்களுக்கென ஒரு சிகிச்சையாளரிடம் எடுத்துச் செல்லுங்கள். நல்ல வழிகாட்டி அந்த வாசல்வரை வந்து நின்றுகொள்வார்.

வராமல் நின்றவரைப் பற்றி: உங்கள் வழிகாட்டியிடம் பேசிவிட்டு, அவரைத் தொடர்புகொள்ளுங்கள். நீண்ட மன்னிப்பு வேண்டாம்; உங்கள் குற்றவுணர்வை அவர் சுமக்க நேரும். அம்மாவைப் பற்றி நீங்கள் சொல்லவந்ததை நான் சரியாகக் கேட்கவில்லை, விரும்பினால் அதைப் பேசலாம், வேறொருவரிடம் செல்ல விரும்பினாலும் உதவுகிறேன் என்ற அளவு போதும். இந்த வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.