வாழப்பழம் கொண்டா

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். போன தை மாதம் எங்கள் கல்லூரியில் 1991–94 செட்டு எல்லோரும் ஒன்றுகூடினோம். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் அடுத்தது கல்லூரிப் பாட்டு என்றார்கள். ஸ்பீக்கரில் வந்தது கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் வைத்த ஏதோ புதுப் பாட்டு. நிர்வாகம் நாலு வருடம் முன்பே மாற்றிவிட்டதாம். விழித்துக்கொண்டு நின்றோம். அது முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் பழைய பாட்டை எடுத்தான். முதல் இரண்டு வரி எல்லோருமே பாடினோம். அதற்குப் பிறகு எங்களுக்கு ராகம்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. கடைசி வரி வரைக்கும் பாடியவன் அவன் ஒருவன்தான். பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவன். பாடி முடித்துவிட்டு அழுதுவிட்டான்.

அன்று ராத்திரியிலிருந்து வாட்ஸப் குழுவில் சண்டை. பழைய பாட்டையே மறுபடி கொண்டுவரச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு கொடுக்க ஒரு கோஷ்டி கையெழுத்து வாங்குகிறது. இன்னொரு கோஷ்டி, ‘மெட்டு பழைய சினிமாப் பாட்டிலிருந்து சுட்டது, எழுதியவர் கெமிஸ்ட்ரி வாத்தியார், அதில் கவிதையே கிடையாது, இதுக்கா இத்தனை கண்ணீர்’ என்று கேலி செய்கிறது. நான் நடுவில் நிற்கிறேன். அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? கையெழுத்துப் போடலாமா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுதியது என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பாட்டை எழுதியவரும் அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்தவர்தான். சாந்தி ஸ்வரூப் பட்நாகர். இன்று நம் விஞ்ஞானிகளுக்கு அவர் பெயரில்தான் விருது கொடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் விழாவில் முதலில் பாடினீர்களே தமிழ்த்தாய் வாழ்த்து, அதை எழுதிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். 1891-ல் வந்த அவருடைய நாடகத்தின் முகப்பில் இருந்த பாட்டு அது. ஆகவே உங்கள் வாத்தியார் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார்.

மெட்டு விஷயம் இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் இந்த வகைப் பாட்டுக்கு ‘ஆல்மா மேட்டர்’ என்று பெயர். லத்தீனில் ஊட்டி வளர்க்கும் தாய் என்று அர்த்தம். படித்த கல்லூரிக்கும் அதே பெயர், அதன் பாட்டுக்கும் அதே பெயர். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பாட்டை 1870 வாக்கில் இரண்டு மாணவர்கள் எழுதினார்கள். மெட்டு மட்டும் இரவல். 1857-ல் வெளிவந்து பிரபலமாக இருந்த ஒரு பாட்டின் மெட்டு, அதுவும் செத்துப்போகிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. அப்புறம் அந்த நாட்டில் ஏகப்பட்ட கல்லூரிகளும் பள்ளிகளும் அதே மெட்டில் தங்கள் ஊர் மலையையும் ஆற்றையும் வைத்துப் பாடிக்கொண்டன. ஒரு ஒப்பாரி மெட்டுக்கு நூற்றைம்பது வருடமாகப் பட்டதாரிகள் எழுந்து நிற்கிறார்கள். உங்களுடையது சினிமா மெட்டு. பரவாயில்லை என்றே சொல்வேன்.

கவிதை இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். நம் பக்கத்துக் கல்லூரிப் பாட்டுகள் கொஞ்சம் கேட்டிருக்கிறேன். முதலில் ஊர்ப் பெருமை, பிறகு நிலம் கொடுத்த வள்ளலின் பெருமை, கடைசியில் ‘வாழியவே’. இது பழைய சதகத்தின், அதாவது நூறு பாட்டுக் கொண்ட நூலின், அச்சு. விஜயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகத்திலும் ஊர்களும் கொடைகளும்தான் வரிசையாக வரும், ஒவ்வொரு பாட்டும் ‘கொங்கு மண்டலமே’ என்று முடியும். வள்ளலைப் பாடாமல் இங்கே கல்லூரியைப் பாடவும் முடியாது. பி.எஸ்.ஜி. கல்லூரிகளின் பெயரில் இருக்கிற பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-ல் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்த ஊர் கோவை. மில்லிலும் வயலிலும் சம்பாதித்த காசு கட்டிடமாக நிற்கிற இடத்தில், எழுத உட்காருகிறவர் வாத்தியாராக இருந்தாலும் புலவராக இருந்தாலும் அந்த அச்சில்தான் வார்ப்பார்.

நான் படித்த கல்லூரியிலும் அப்படி ஒரு பாட்டு இருந்தது. நான் சேர்ந்தது 1983-ல். திங்கட்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் எல்லோரும் நிற்போம். அட்டெண்டர் ஆர்மோனியத்தைத் தூக்கிவந்து ஸ்டூலில் வைப்பார். அதன் துருத்தி கிழிந்து, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற பஞ்சர் துண்டை ஒட்டி வைத்திருந்தார்கள். தமிழ் வாத்தியார் அழுத்தும்போதெல்லாம் சுரத்துக்கு முன்னால் ‘புஸ்’ என்று ஒரு மூச்சு வரும். இன்றைக்கும் அந்தப் பாட்டை நினைத்தால் முதலில் காதில் விழுவது அந்தப் ‘புஸ்’தான்.

பாட்டில் ‘வான்புகழ் கொண்டாய்’ என்று ஒரு இடம். பாரதியிடமிருந்து எடுத்திருப்பார்கள். ஹாஸ்டல் பையன்கள் அதை ‘வாழப்பழம் கொண்டா’ என்று பாடுவோம். எங்கள் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் வாழைப்பழம். ஏதாவது ஒரு ஞாயிறு பழம் வரவில்லை என்றால், மறுநாள் காலை அந்த ஒரு வரி மட்டும் வேப்பமரம் அதிர வரும். எங்களுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதாக முதல்வர் நினைத்தார். ஒருமுறை மேடையிலிருந்தே பாராட்டினார்.

மற்ற நேரத்தில் நாங்கள் ஒன்றாக இருந்ததே இல்லை. டவுன் பஸ்ஸில் வருகிறவன் ஹாஸ்டல்காரனோடு சேரமாட்டான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்தவன் முன் பெஞ்சு, எங்களைப் போலத் தமிழ் மீடியம் கடைசி பெஞ்சு. சாப்பாட்டு மேஜையில் யார் பக்கத்தில் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை மூன்று நிமிடம் மட்டும் எல்லார் வாயிலிருந்தும் ஒரே சத்தம் வந்தது, பாதி தப்பாக இருந்தாலும். நீங்கள் கேட்ட ‘அப்படி என்ன’ எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான். அதனால்தான் உங்களுக்கு வார்த்தை போய் ராகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உங்கள் பல்லடத்து நண்பர் கதை வேறு. அவருக்கு மட்டும் முழுப் பாட்டும் எப்படித் தெரிந்தது என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? மூன்று வருடம் படித்தவர்கள் மார்க் ஷீட், டிகிரி, குரூப் போட்டோ என்று எதையாவது கையில் கொண்டுபோனீர்கள். அவர் பாதியில் போனவர். பாட்டை வைத்திருந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே யாருக்கும் கேட்காமல் முப்பது வருடம் பாடிக்கொண்டிருந்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். தப்பாகவும் இருக்கலாம். ஒருமுறை தறிக்கூடத்துக்கே போய்க் கேளுங்கள். பழைய மாணவர் சங்கத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று விதி ஏதாவது இருந்தால், உங்கள் மனுவை அதற்கு எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பாட்டுக்கான மனுவில் போட வேண்டாம். இன்று அங்கே படிக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் கீபோர்டுப் பாட்டுதான் கல்லூரிப் பாட்டு. அவர்களும் இந்நேரம் அதில் ஏதோ ஒரு வரியைக் கெடுத்து வைத்திருப்பார்கள். முப்பது வருடம் கழித்து அவர்கள் கூடும்போது உங்கள் பாட்டைப் போட்டால் அவர்கள் விழிப்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தையே 1970-ல் அரசு எடுத்துக்கொண்டபோது மூலத்தில் சில வரிகளை விட்டுவிட்டுத்தான் எடுத்தது. எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் மெட்டமைத்தார், ஊரே பாடியது. நிர்வாகம் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் நியாயம்தான். ஆனால் அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

வேறொன்று செய்யலாம். பழைய ஆண்டுமலர் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும், முதல் பக்கத்தில் பாட்டை அச்சிட்டிருப்பார்கள், தேடுங்கள். கிடைக்காவிட்டால் நண்பரைப் பாடச்சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். தறி ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

எங்கள் வாழைப்பழ வரியை எங்கள் அறைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கோபி பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே எழுபதைத் தொடுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார், முன்பின் பார்த்ததில்லை. அவர் இலைக்குப் பழம் வைக்காமல் பையன் தாண்டிப் போய்விட்டான். அவர் தலையைத் திருப்பாமல், அதே ராகத்தில், ‘வாழப்பழம் கொண்டா’ என்றார்.

எனக்கு மோர்ச்சோறு தொண்டையில் நின்றுவிட்டது. “நீங்க எந்தச் செட்டுங்க?” என்றேன்.

“எழுபத்தாறுங்க.”

“அப்பவே இது இருந்துச்சுங்களா?”

“எங்களுக்குச் சீனியருங்க சொல்லிக் குடுத்ததுங்க” என்று சொல்லிவிட்டுப் பழத்தை உரித்தார்.