பொருளாதாரத்தின் கணிப்புகளைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

பொருளாதாரம் இயற்பியலைப் போலச் சோதிக்கத்தக்க கணிப்புகளைத் தருகிறதா என்று கேட்டால், தருகிறது, ஆனால் எல்லா வகைக் கணிப்பையும் அல்ல என்பதே என் பதில். வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வரத்து குறைந்தால், மற்றவை மாறாதிருக்க, விலை ஏறும் என்று அது துணிந்து சொல்லும். விடியற்காலையில் மூட்டைகள் இறங்கும்போதே அதைச் சரிபார்த்துவிடலாம். அடுத்த தை மாதம் கிலோ என்ன விலைக்கு விற்கும் என்று கேட்டால் சொல்லாது.

சிக்கல் அந்த ‘மற்றவை மாறாதிருக்க’ என்பதில்தான் இருக்கிறது. கூலியை உயர்த்தினால் தோல் தொழிற்சாலைகளில் வேலை குறையுமா என்று அறிய, கூலி உயர்ந்த ஆம்பூரையும் உயராத இன்னோர் ஆம்பூரையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாது. அதற்கு மிக நெருக்கமான வாய்ப்பு அமெரிக்காவில் கிடைத்தது. 1992-இல் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கும், கூலி உயராத பக்கத்துப் பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியிலும் இருந்த 410 துரித உணவகங்களை ஒப்பிட்டு, பாடநூல் எதிர்பார்த்ததற்கு மாறாக வேலை குறையவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். கணிப்பு பொய்க்கவும், பொய்த்தது உண்மைதானா என்று பிறர் கிளறிப் பார்க்கவும் இப்படி இடம் இருப்பதால்தான் இத்துறையை அறிவியல் அல்ல என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வேறு ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி அந்த முடிவை மறுத்தார்கள். கார்டும் குரூகரும் அரசின் வேலைவாய்ப்புத் தரவுகளைக் கொண்டு மறுபடி கணக்கிட்டு 2000-இல் விடையளித்தார்கள்.